துருவ ஒளிக்கு மேலே ஒரு மின்புலம்

துருவ ஒளியைப் பற்றிப் பாடப்புத்தகத்திலும் செய்தித்தாளிலும் நாம் படிக்கும் விளக்கம் பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடும். சூரியனிலிருந்து வரும் மின்னூட்டத் துகள்களைப் பூமியின் காந்தப்புலம் துருவங்களுக்குத் திருப்பிவிடுகிறது. அவை காற்றில் மோதும்போது வானம் ஒளிர்கிறது. இதைத் தவறென்று சொல்ல முடியாது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் ஓரிடத்தில் இடிக்கிறது.

சூரியக்காற்று விநாடிக்கு ஏறத்தாழ 400 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. அந்த ஓட்டத்தில் மிதந்து வரும் ஓர் எலக்ட்ரானுக்கு அந்த வேகத்தால் கிடைக்கும் ஆற்றல் அரை எலக்ட்ரான் வோல்ட்கூட இல்லை. சூரியக்காற்றின் வெப்பத்தையும் சேர்த்துக்கொண்டால் பத்து எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டி நிற்கும். (ஒரு வோல்ட் மின்னழுத்த வேறுபாட்டைக் கடக்கும் எலக்ட்ரான் பெறும் ஆற்றலே ஓர் எலக்ட்ரான் வோல்ட்.) ஆனால் நார்வேயிலும் அலாஸ்காவிலும் பச்சைத் திரைபோல் வானில் தொங்கும் பிரகாசமான துருவ ஒளியை உண்டாக்கும் எலக்ட்ரான்களின் ஆற்றல் 1,000 முதல் 10,000 எலக்ட்ரான் வோல்ட் வரை இருக்கிறது. 10,000 எலக்ட்ரான் வோல்ட் என்றால் விநாடிக்குச் சுமார் 58,000 கிலோமீட்டர். ஒளியின் வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கு. தரையிலிருந்து 100 கிலோமீட்டர் உயரம்வரை ஊடுருவி வந்து ஆக்சிஜன் அணுவைப் பச்சையாக ஒளிரவைக்க அத்தனை வேகம் வேண்டும்.

அந்த வேகத்தை எலக்ட்ரானுக்குக் கொடுத்தது எது, எந்த இடத்தில்?

ஒரு பகுதி பூமியின் இரவுப்புறத்தில் நீண்டு கிடக்கும் காந்த வாலில் கிடைக்கிறது. அங்கே காந்தப்புலக் கோடுகள் அறுந்து மறுபடி இணையும்போது பிளாஸ்மா, அதாவது மின்னூட்டத் துகள்களாலான வாயு, சூடேறுகிறது. ஆனால் அதுவும் போதாது. பளிச்சென்ற துருவ ஒளிக்குத் தேவையான கடைசி உந்து, அந்த ஒளிக்கு நேர் மேலே சில ஆயிரம் கிலோமீட்டர் உயரத்தில் கிடைக்கிறது. பூமியின் விட்டமே 12,700 கிலோமீட்டர் என்பதை நினைத்துக்கொண்டால், இது எவ்வளவு பக்கம் என்பது புரியும். சூரியனிலிருந்து 15 கோடி கிலோமீட்டர் கடந்துவந்த ஆற்றல், ஏறக்குறைய வீட்டுவாசலில்தான் துருவ ஒளிக்குரிய வடிவத்தை எடுக்கிறது. செயற்கைக்கோள்கள் அந்த இடத்தை நேரில் கடந்துபோகும்வரை இதை நம்பியவர்கள் மிகச் சிலரே.

முதல் தடயத்தை ஒரு ராக்கெட் தந்தது. 1958-இல் கனடாவின் ஃபோர்ட் சர்ச்சில் தளத்திலிருந்து துருவ ஒளிக்குள்ளேயே ராக்கெட் ஏவி, கார்ல் மெக்இல்வெய்ன் எலக்ட்ரான்களை அளந்தார். அவற்றில் பெரும்பாலானவை ஏறத்தாழ ஒரே ஆற்றலுடன், சுமார் 6,000 எலக்ட்ரான் வோல்ட்டில் இருந்தன. தாறுமாறாகச் சூடேறிய கூட்டமாக இருந்தால் வேகங்கள் பலவாறாகச் சிதறியிருக்க வேண்டும். எல்லாம் ஒரே ஆற்றலில் வந்தால், எல்லாம் ஒரே மின்னழுத்தத்தைத் தாண்டி வந்திருக்கின்றன என்று பொருள். பழைய டப்பா டிவியின் பிக்சர் டியூபில் இதேதான் நடந்தது: பின்னால் இருக்கும் துப்பாக்கியிலிருந்து கிளம்பும் எலக்ட்ரான்கள் பல ஆயிரம் வோல்ட்டைக் கடந்து முன்திரையில் மோதி ஒளி தந்தன. 100 கிலோமீட்டர் உயரத்துக் காற்றுதான் இங்கே திரை. துப்பாக்கி எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி.

இந்த இடத்தில் இரண்டு ஸ்காண்டிநேவிய விஞ்ஞானிகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

நார்வேயின் கிறிஸ்டியான் பிர்க்லாண்ட், காந்தமேற்றிய ஓர் உருண்டையை வெற்றிடப் பெட்டிக்குள் வைத்து அதன்மேல் எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சி, அதன் துருவங்களைச் சுற்றி ஒளிவளையம் தோன்றுவதைக் காட்டினார். 1902-03 குளிர்காலத்தில் நார்வே, ஐஸ்லாந்து, ஸ்பிட்ஸ்பெர்கன், நோவயா செம்ல்யா ஆகிய நான்கு இடங்களில் நிலையங்கள் அமைத்துக் காந்த அலைவுகளைப் பதிவு செய்தார். விண்வெளியிலிருந்து காந்தப்புலக் கோடுகள் வழியே மின்னோட்டம் கீழிறங்கி, மேல் காற்றில் கிடைமட்டமாக ஓடி, மறுபடி மேலேறிப் போகிறது என்று முடிவு கட்டினார். 1917-இல் டோக்கியோவில் இறக்கும்வரை அவர் கருத்து ஏற்கப்படவில்லை. அதன்பின் இத்துறையின் பெரும் அதிகாரமாக விளங்கிய சிட்னி சாப்மன், எல்லா மின்னோட்டமும் மேல் காற்றுக்குள்ளேயே சுற்றிவந்தாலும் தரையில் அதே காந்த அலைவுகள் கிடைக்கும் என்று கணித முறையில் காட்டினார். அவர் கணிதத்தில் பிழை இல்லை. தரையில் நின்று அளக்கும்வரை இரண்டு படங்களையும் வேறுபடுத்திக் காணவே முடியாது. எவ்வளவு அறிவாளியானாலும் போகாத இடத்தை வாதத்தால் வெல்ல முடியாத கட்டம் அது.

1963-இல் ஏவப்பட்ட 1963-38சி என்ற அமெரிக்கக் கடற்படைச் செயற்கைக்கோள் சுமார் 1,100 கிலோமீட்டர் உயரத்தில் துருவ ஒளிப் பகுதியைக் கடந்தபோதெல்லாம் அதன் காந்தமானி பக்கவாட்டில் அலைந்தது. ஆல்ஃபிரட் ஸ்முடாவும் உடன் பணியாற்றியவர்களும் 1966-இல் அந்தப் பதிவை வெளியிட்டார்கள். அது காந்தக்கோடு வழியே ஓடும் மின்னோட்டத்தின் அடையாளம் என்று அடுத்த ஆண்டே வேறு இருவர் எடுத்துக்காட்டினர். பிர்க்லாண்ட் இறந்து ஐம்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. இன்று அந்த மின்னோட்டங்களுக்கு அவர் பெயர்தான்.

இரண்டாமவர் சுவீடனின் ஹான்னஸ் ஆல்ஃபென். 1958-இல் அவர் ஒருபடி மேலே போனார். துருவ ஒளிக்கு மேலே, காந்தக்கோட்டின் திசையிலேயே ஒரு மின்புலம் நிற்கிறது, எலக்ட்ரான்களைக் கீழே தள்ளுவது அதுதான் என்றார். பெரும்பாலோர் இதை ஏற்கவில்லை. அவர்களிடம் வலுவான காரணமும் இருந்தது. விண்வெளிப் பிளாஸ்மாவில் துகள்கள் ஒன்றோடொன்று மோதுவது அரிது. காந்தக்கோட்டின் நெடுகே எலக்ட்ரான்கள் தடையின்றி ஓடும். அப்படியிருக்க ஓரிடத்தில் மின்னழுத்த வேறுபாடு தோன்றினால், எலக்ட்ரான்கள் கணத்தில் பாய்ந்து அதைச் சமன்செய்துவிடாதா? காந்தக்கோட்டின் திசையில் மின்புலம் சுழி என்றே நூல்கள் எழுதின. காந்தக்கோடுகள் பிளாஸ்மாவோடு உறைந்து நகர்கின்றன என்ற, அந்த முடிவுக்கு அடித்தளமான கருத்தை உருவாக்கியவரே ஆல்ஃபென்தான். 1970-இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையிலேயே, தம் கருத்தை அளவுமீறி நம்பிவிட வேண்டாம் என்று அவர் எச்சரித்தார். விஞ்ஞான வரலாற்றில் இப்படி ஒரு நேர்மையை அடிக்கடி பார்க்க முடியாது.

வாதத்தைத் தீர்க்க ஒரே வழி, அங்கே போய் அளப்பது. விண்வெளியில் மின்புலத்தை அளப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இத்துறையின் உண்மையான உழைப்பு இருப்பது அதில்தான்.

கொள்கை எளிது. செயற்கைக்கோளின் இரு பக்கமும் நீண்ட கம்பிகளை நீட்டி, முனைகளில் சிறு உலோக உருண்டைகளை மாட்டி, இரண்டுக்கும் இடையிலான மின்னழுத்த வேறுபாட்டை நீளத்தால் வகுத்தால் மின்புலம் கிடைக்கும். ஐரோப்பாவின் கிளஸ்டர் செயற்கைக்கோள்களில் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் 88 மீட்டர் இடைவெளி. உருண்டை ஒவ்வொன்றும் 8 சென்டிமீட்டர் விட்டம். அவ்வளவு நீளமுள்ள கம்பி வளையாமல் நிற்க, செயற்கைக்கோளையே நான்கு விநாடிக்கு ஒருமுறை சுழலவைத்தார்கள். சுழற்சியின் மையவிலக்கு விசை கம்பியை விறைப்பாகப் பிடித்துக்கொள்ளும்.

சிக்கல் இனிமேல்தான். வெயில் பட்டால் உலோகப் பரப்பிலிருந்து எலக்ட்ரான்கள் தெறித்து வெளியேறும். செயற்கைக்கோளே நேர்மின்னூட்டம் ஏறிச் சுற்றுப்புறத்தைக் கலைக்கும். கம்பி அவ்வளவு நீளமாக இருப்பதற்கு இது ஒரு காரணம். அந்தக் கலக்கத்துக்கு எட்டாத தூரத்தில் உருண்டைகள் இருக்க வேண்டும். இன்னொன்று, செயற்கைக்கோளின் வேகம். தாழ்ந்த சுற்றுப்பாதையில் விநாடிக்கு ஏழரைக் கிலோமீட்டர் வேகத்தில் பூமியின் காந்தப்புலத்தை வெட்டிக்கொண்டு போகும்போது, அந்த ஓட்டத்தாலேயே மீட்டருக்கு 350 மில்லிவோல்ட் அளவில் ஒரு மின்புலம் கருவியில் தெரியும். தேடும் புலமோ அந்த உயரத்தில் பல நேரம் மீட்டருக்குச் சில பத்து மில்லிவோல்ட்தான். வேகத்தையும் திசையையும் மிகத் துல்லியமாக அறிந்து, பெரியதைக் கழித்துச் சிறியதை எடுக்க வேண்டும்.

1976-இல் அமெரிக்க விமானப்படையின் எஸ்3-3 செயற்கைக்கோள் ஏவப்பட்டது. அதன் பாதை 8,000 கிலோமீட்டர் உயரம்வரை எட்டியது. துருவ ஒளிப் பகுதிகளின் மேலே அந்த உயரங்களை ஒழுங்காக ஊடறுத்த முதல் மின்புலக் கருவி அதில்தான் இருந்தது. ஃபாரஸ்ட் மோசர் குழுவினர் 1977-இல் வெளியிட்ட பதிவில், செயற்கைக்கோள் சில கிலோமீட்டர் நகர்வதற்குள் மின்புலம் மீட்டருக்குச் சில நூறு மில்லிவோல்ட்டுக்கு எகிறியது. அடுத்த நொடிகளில் எதிர்த்திசையில் அதே அளவுக்குத் திரும்பியது. இரு பக்கத்துப் புலமும் நடுவை நோக்கியே காட்டின. நடுவிலே எதிர்மின்னழுத்தக் கிணறு ஒன்று இருந்தால்தான் அப்படித் தெரியும். அந்தக் கிணறு கீழே காற்றுமண்டலம்வரை இறங்கவில்லை என்றால், அதன் அடிப்பகுதிக்கும் காற்றுக்கும் இடையே, காந்தக்கோட்டின் திசையில், பல ஆயிரம் வோல்ட் விழுந்தே ஆக வேண்டும்.

அதே செயற்கைக்கோளில் இருந்த அயனிக் கருவி இன்னொரு செய்தி சொன்னது. என் கண்ணுக்கு மின்புலப் பதிவைவிட இதுதான் வியப்பு. ஆயிரக்கணக்கான எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு ஆக்சிஜன் அயனிகள் மேல்நோக்கிப் பாய்ந்துகொண்டிருந்தன. சூரியக்காற்றில் இருப்பது பெரும்பாலும் ஹைட்ரஜனும் ஹீலியமும். இப்படி ஒற்றை மின்னூட்டம் கொண்ட ஆக்சிஜன் நம் காற்றுமண்டலத்துக்கு உரியது. எலக்ட்ரானைக் கீழே தள்ளும் மின்புலம், எதிர்மாறான மின்னூட்டமுள்ள அயனியை மேலே தள்ளியாக வேண்டும். துருவ ஒளி எரியும் ஒவ்வொரு இரவும் பூமி தன் காற்றில் ஒரு துளியை விண்வெளிக்கு இழக்கிறது.

அதன்பின் சுவீடன் தன் முதல் செயற்கைக்கோளான வைக்கிங்கை 1986 பிப்ரவரியில் அனுப்பியது. ஆல்ஃபென் வளர்த்த ஸ்டாக்ஹோம் மரபின் வழிவந்தவர்கள் அதன் மின்புலக் கருவியைச் செய்தார்கள். அது 13,500 கிலோமீட்டர்வரை ஏறியது. 1996 ஆகஸ்டில் நாசா அனுப்பிய ஃபாஸ்ட் செயற்கைக்கோள்தான் கேள்வியைப் பெருமளவு முடித்துவைத்தது. துருவ ஒளியின் ஒரு வளைவு பத்துக் கிலோமீட்டர் தடிமன்கூட இல்லாமல் இருக்கும். அதைச் செயற்கைக்கோள் ஓரிரு விநாடியில் கடந்துவிடும். பழைய கருவிகளுக்கு ஒரு முழு அளவீட்டுக்கே பல விநாடிகள் வேண்டியிருந்தது. ஃபாஸ்ட் ஒரு விநாடிக்குள் பலமுறை எலக்ட்ரான்களையும் அயனிகளையும் எல்லாத் திசையிலும் அளந்தது.

அதில் ஒரு சோதனை மிக அழகானது. பாதை நெடுகிலும் பக்கவாட்டு மின்புலத்தைக் கூட்டிக்கொண்டே வந்தால், செயற்கைக்கோள் இருக்கும் இடத்தின் மின்னழுத்தம் கிடைக்கும். அதே நேரத்தில், கீழிருந்து மேலேறி வரும் அயனிகளின் ஆற்றலை வேறொரு கருவி தனியாக அளக்கிறது. அயனி கீழிருந்து அந்த இடம்வரை ஏறிவரத் தாண்டிய மின்னழுத்தம் அதன் ஆற்றலில் அப்படியே பதிவாகியிருக்கும். இரண்டு எண்களும் ஒத்துப்போயின. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரு கருவிகள் ஒரே விடையைத் தரும்போது, காந்தக்கோட்டின் திசையில் மின்புலம் இருக்க முடியாது என்ற பழைய மறுப்புக்கு இடமில்லாமல் போய்விடுகிறது.

சரி, எலக்ட்ரான்கள் ஏன் அதைச் சமன்செய்துவிடவில்லை? காந்தக்கோடுகள் பூமியை நெருங்க நெருங்க ஒடுங்குகின்றன, புலம் வலுக்கிறது. வலுக்கும் புலத்தில் எலக்ட்ரானின் சுருள் பாதை இறுகி, பெரும்பாலானவை காற்றை எட்டுமுன்பே திரும்பி மேலே போய்விடும். ஏறத்தாழ காந்தக்கோட்டுக்கு இணையாகவே வருகிற மிகச் சிலதான் கீழே சேரும். ஆனால் மேலே காந்தமண்டலம் இயக்கும் மின்சுற்று அதைவிட அதிக மின்னோட்டத்தைக் கேட்கிறது. எலக்ட்ரான்கள் போதவில்லை. அப்போது அந்தப் பாதையில் மின்னழுத்தம் ஏறி, திரும்பிப்போக இருந்தவற்றையும் கீழே இழுக்கிறது. 1973-இல் நைட் என்பவர் எழுதிய சமன்பாடு இந்த மின்னோட்டத்துக்கும் மின்னழுத்தத்துக்கும் உள்ள உறவைத் தருகிறது, இன்றும் பயன்படுத்துகிறார்கள். வேகமும் எண்ணிக்கையும் சேர்ந்து கூடுவதால்தான் கீழே வானம் பளிச்சிடுகிறது.

மின்சுற்று என்றால் திரும்பும் பாதையும் வேண்டும். ஒளிவளைவுகளுக்கு நடுவே சில நேரம் கன்னங்கரேலென்று ஒரு கீற்று ஓடும். கருந்துருவ ஒளி என்று அதைச் சொல்கிறார்கள். 1992 அக்டோபரில் சீனாவின் ஜியுசுவான் தளத்திலிருந்து ஏவப்பட்ட சுவீடனின் ஃப்ரெயா செயற்கைக்கோள், அந்தக் கீற்றுகளின் மேலே மீட்டருக்கு ஒரு வோல்ட்டையும் தாண்டிய மின்புலங்களைக் கண்டது. அவை நடுவை நோக்கிக் குவியாமல் நடுவிலிருந்து விரிந்தன. அங்கே எல்லாம் தலைகீழ்: மின்னோட்டம் கீழே வருகிறது, எலக்ட்ரான்கள் மேலே வீசப்படுகின்றன, காற்றில் மோத எதுவும் இல்லாததால் வானம் இருள்கிறது.

ஒரே செயற்கைக்கோளில் ஒரு குறை உண்டு. அது கண்ட மாற்றம் இடத்தால் வந்ததா, காலத்தால் வந்ததா என்று சொல்ல முடியாது. அதற்காகத்தான் நான்கு செயற்கைக்கோள்கள் கொண்ட கிளஸ்டர். முதல் நான்கும் 1996 ஜூன் 4 அன்று ஏரியன்-5 ராக்கெட் வெடித்தபோது அழிந்தன. மறுபடி கட்டி, 2000-இல் இரண்டு ராக்கெட்டுகளில் பைக்கனூரிலிருந்து அனுப்பினார்கள். நான்கும் அடுத்தடுத்து ஒரே கருந்துருவ ஒளிக் கட்டமைப்பை 20,000 கிலோமீட்டருக்கும் மேலே கடந்தபோது, முதலாவது கண்டதைவிட அடுத்தது வலுவான புலத்தைக் கண்டது. கடைசியாக வந்ததற்கு அங்கே எதுவுமே மிச்சமில்லை. சில நிமிடங்களுக்குள் ஒரு மின்புலம் பிறந்து, வளர்ந்து, மறைந்ததை 2001-இல் யோரான் மார்க்லுண்ட் குழுவினர் அறிவித்தார்கள்.

நிலையான மின்னழுத்தம் மட்டுமே வழி என்றும் இல்லை. ஆடி நடனமிடும் மெல்லிய துருவ ஒளிக்கதிர்களுக்கு மேலே, பல வேகங்களில் கலந்துவரும் எலக்ட்ரான்களைச் செயற்கைக்கோள்கள் பார்த்திருக்கின்றன. காந்தக்கோடு வழியே இறங்கும் ஒருவகை அலை தன் மின்புலத்தால் எலக்ட்ரான்களை முன்னே தள்ளுகிறது என்பது அதற்கான விளக்கம். அந்த அலையை 1942-இல் கணித்தவரும் ஆல்ஃபென்தான். ஆல்ஃபென் அலை என்றே பெயர். கலிஃபோர்னியாவில் 20 மீட்டர் நீளமுள்ள பிளாஸ்மாக் குழாயில் இந்த அலையைக் கிளப்பி, எலக்ட்ரான்கள் அதனால் வேகம் பெறுவதை 2021-இல் நேரடியாகக் காட்டினார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பெரிய மின்புலம் இருக்கிறது. சூரியக்காற்று தன் காந்தப்புலத்தைச் சுமந்துகொண்டு பூமியைக் கடப்பதால், துருவத் தொப்பியின் (துருவ ஒளி வளையத்துக்கு உள்ளே அடங்கும் பகுதியின்) குறுக்கே, விடியல் பக்கத்திலிருந்து அந்திப் பக்கத்துக்கு, பல பத்தாயிரம் வோல்ட் நிற்கிறது. புயல் நாட்களில் அது லட்சத்தைத் தாண்டும். இந்தப் புலம் துருவத்தோடு நின்றுவிடுவதில்லை. அது திடீரென்று மாறும்போது, அதன் ஒரு பங்கு சில நிமிடங்களுக்குள் காந்த நடுக்கோட்டின் அயனிமண்டலம்வரை ஊடுருவுகிறது. அந்தக் கோடு தென்தமிழகத்தை ஒட்டிச் செல்கிறது. 1963-இல் ராக்கெட் ஏவத் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததற்கும், இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் திருநெல்வேலியில் ஆய்வகம் வைத்திருப்பதற்கும் அதுவே காரணம். நெல்லை வானத்தில் துருவ ஒளி தெரியாது. ஆனால் துருவ ஒளிப் பகுதியில் மின்புலம் புரளும்போது நெல்லையின் காந்தமானி அசையும். 2024 மே மாதப் பெரும் புயலில் லடாக்கின் ஹான்லேயில் படமாகிய செந்நிற ஒளியையும் இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். சிவப்பு ஒளி 200 கிலோமீட்டருக்கு மேலே தோன்றுவது. அதற்கு அத்தனை வேகமான எலக்ட்ரான்கள் தேவையில்லை.

இன்னும் பல எல்லைகள் நகர்ந்துகொண்டிருக்கின்றன. வேகமூட்டும் பகுதி சில ஆயிரம் கிலோமீட்டரிலிருந்து இருபதாயிரத்துக்குள் அடங்கும் என்று எண்ணியிருந்தார்கள்; ஜப்பானின் அராசே செயற்கைக்கோள் 30,000 கிலோமீட்டருக்கும் மேலேயே வேகமேறிய எலக்ட்ரான்களைக் கண்டதாக 2021-இல் அறிவித்தார்கள். அந்த மின்புலம் காந்தக்கோட்டின் நெடுகே மெல்லப் பரவி விழுகிறதா, மிக மெல்லிய சில அடுக்குகளில் திடீரென்று விழுகிறதா என்பதிலும் இரண்டுக்கும் சான்றுகள் இருக்கின்றன.

பூமியில் கற்ற இந்தப் பாடத்தோடு ஜூனோ விண்கலம் 2016-இல் வியாழனை அடைந்தது. அங்கே துருவ ஒளி பூமியினுடையதைவிடப் பன்மடங்கு வலுவானது. ஆகவே மின்னழுத்தமும் அதற்கேற்ப இருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். இருந்தது. நான்கு லட்சம் வோல்ட்வரை ஜூனோ கண்டது. ஆனால் அந்த மின்னழுத்தம் தெரிந்த இடங்களில் ஒளி அவ்வளவு பிரகாசமாக இல்லை. வியாழனின் மிகப் பிரகாசமான துருவ ஒளிக்கு மேலே எலக்ட்ரான்கள் எல்லா ஆற்றலிலும் கலந்துதான் வந்தன. ஒற்றை ஆற்றலின் தடயம் அங்கே இல்லாததால், அவற்றைத் தள்ளுவது ஆல்ஃபென் அலைகளைப் போன்ற அலைகளாக இருக்கலாம் என்ற திசையில் ஆய்வாளர்கள் தேடத் தொடங்கினார்கள்.